பேனல் வாங்குவதற்கு முன்

ஏழெட்டு வருஷம் உழைத்த லேப்டாப் ஒருநாள் கறுப்பாகவே நின்றுவிட்டால், "டிஸ்ப்ளே போச்சு" என்று ஒரே வார்த்தையில் தீர்ப்பு எழுதிவிடுகிறோம். கடைக்குக் கொண்டுபோனால் அங்கேயும் பல நேரம் "பேனல் மாத்தணும்" என்பதுதான் முதல் பதில். மாற்றுகிறார்கள். சில சமயம் சரியாகிறது. சில சமயம் புதுப் பேனலிலும் அதே கோடு, அதே மினுக்கல். ஏனென்றால் அது பேனல் கோளாறாகவே இருந்திருக்காது. மூடி திரும்பும் கீலான ஹிஞ்சுக்குள் நைந்துபோன கேபிளாகவோ, அழுக்கேறிய ராமாகவோ, போர்டில் கடுகளவு இருக்கும் ஒரு ஃபியூஸாகவோ இருந்திருக்கும்.

இங்கே சொல்வதெல்லாம் ஏறக்குறைய 2010 முதல் 2018 வரை வந்த, 14 அல்லது 15.6 அங்குல, இன்டெல் பிராசசர் போட்ட சாதாரண விண்டோஸ் லேப்டாப்புகளுக்கு. அதற்கு முந்தையவற்றைப் பற்றி நடுவில் ஓரிரு வரி வரும்.

முதலில், படம் கண்ணுக்கு வந்து சேரும் வழியைத் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. ஜிபியு, அதாவது கிராபிக்ஸ் சிப், படத்தை நினைவகத்தில் வரைகிறது. தனி கிராபிக்ஸ் சிப் இல்லாத லேப்டாப்பில் அந்த நினைவகம், சாதாரண ராமிலிருந்து ஒதுக்கிய ஒரு பகுதிதான். அங்கிருந்து மதர்போர்டு கனெக்டர், ஹிஞ்ச் வழியாக மேலேறும் கேபிள், பேனலின் அடியோரத்தில் ஓடும் ஒல்லியான போர்டு, அதிலிருந்து கண்ணாடி விளிம்பில் ஒட்டியிருக்கும் மெல்லிய பட்டைகள், கடைசியில் கண்ணாடி. இது படத்தின் பாதை. வெளிச்சத்தின் பாதை தனி. கண்ணாடிக்குப் பின்னால் எரியும் விளக்கான பேக்லைட்டுக்கு மின்சாரம் அதே கேபிளில் வேறு கம்பிகளில் வருகிறது. படம் இருந்தும் வெளிச்சம் இல்லாமல் போவதும், வெளிச்சம் இருந்தும் படம் இல்லாமல் போவதும் இதனால்தான். நம் வேலை, இந்தப் பாதையை நடுவில் வெட்டிப் பார்த்து, எந்தப் பாதியில் தடை என்று கண்டுபிடிப்பது. முக்கால்வாசி, ஸ்க்ரூ டிரைவரைத் தொடாமலேயே தெரிந்துவிடும்.

கறுப்புத் திரை

பவர் விளக்கு எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றும் இல்லை. இரண்டு நிமிஷம் பொறுத்து கேப்ஸ் லாக் பட்டனைத் தட்டுங்கள். அதன் விளக்கு எரிந்து அணைந்தால் இயந்திரம் உள்ளே உயிரோடு ஓடிக்கொண்டிருக்கிறது; தடை திரைப் பக்கம் மட்டும். கேப்ஸ் லாக் அசையவே இல்லை என்றால் திரையை விட்டுவிடுங்கள். அது ராம் அல்லது போர்டு பக்கத்து வேலை.

ராம் என்றால் வரிசை இது. அடாப்டரைப் பிடுங்கி, பேட்டரியையும் கழற்றி, பவர் பட்டனை 30 வினாடி அழுத்திப் பிடியுங்கள். பேட்டரி உள்ளே இருக்கும் மாடல் என்றால் அடிமூடியைத் திறந்து அதன் கனெக்டரை உருவ வேண்டும். பிறகு இரண்டு ராமையும் எடுத்து, தங்கநிறப் பற்களை வெள்ளை ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகள் ஒட்டாமல் துடைத்து, ஒன்றை மட்டும் ஒரு ஸ்லாட்டில் போட்டுப் பாருங்கள். பிறகு அதே ராம் அடுத்த ஸ்லாட்டில். பிறகு இரண்டாவது ராம். நான்கு முயற்சிதான். உப்புத்தாளால் தேய்க்கும் வேலை மட்டும் வேண்டாம், தங்கப்பூச்சு போய்விட்டால் ஈரக்காற்றுக்கு அந்தப் பற்கள் சீக்கிரமே களிம்பேறும். கடற்கரை ஊர்களில் ஒன்றிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ராமைக் கழற்றி மாட்டினாலே பல "டெட்" லேப்டாப்புகள் எழுந்துவிடும்.

சில கம்பெனிகள் விளக்கு மினுக்கியே காரணத்தைச் சொல்லும். டெல் லேப்டாப்புகளில் பவர் அல்லது பேட்டரி விளக்கு முதலில் ஆரஞ்சில் சில தடவை, பிறகு வெள்ளையில் சில தடவை மினுக்கும். புதிய மாடல்களில் 2, 3 என்றால் ராமே தெரியவில்லை. 2, 4 என்றால் ராம் பழுது. 2, 7 என்றால் திரை. 2, 8 என்றால் திரைக்குப் போகும் மின்சாரம். அதே டெல்லில் இன்னொரு வசதி: டி (D) எழுத்தை அழுத்திப் பிடித்தபடி பவர் பட்டனைப் போட்டால், திரை முழுக்க ஒவ்வொரு நிறமாக மாறி மாறி வரும். அது சுத்தமாக வந்தால் பேனலைக் குறை சொல்ல முடியாது. நிற மாற்றத்தின்போதே கோடு தெரிந்தால் விண்டோஸைத் திரும்பப் போட்டு நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை.

இயந்திரம் ஓடுகிறது, திரை மட்டும் கறுப்பு என்றானால் அறை விளக்கை அணைத்துவிட்டு, போன் டார்ச்சைத் திரையோடு சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். மங்கலாக ஐகான்களும் மவுஸ் அம்பும் தெரிந்தால் படம் சரியாக வந்துகொண்டிருக்கிறது, பேக்லைட்தான் இல்லை. அப்படியானால் சந்தேகப் பட்டியல் சுருங்கிவிடும்: பிரைட்னெஸ் பட்டன், மூடி சென்சார், ஃபியூஸ், கேபிள், பேனலுக்குள் இருக்கும் எல்இடி பட்டை.

மூடி சென்சாரைப் பலர் மறந்துவிடுகிறார்கள். திரைச் சட்டத்தில் ஒரு சிறு காந்தம் இருக்கும், கீழே கீபோர்டு பக்கம் காந்தத்தை உணரும் ஹால் சென்சார் இருக்கும். மூடியதும் காந்தம் அருகில் வந்து பேக்லைட் அணையும். அந்தச் சென்சார் ஒட்டிக்கொண்டாலோ, காந்தம் கழன்று தவறான இடத்தில் விழுந்து கிடந்தாலோ, திறந்திருக்கும் லேப்டாப்பே தன்னை மூடியதாக நினைத்துக்கொள்ளும். காந்தம் வைத்த போன் கவரைக் கைவைக்கும் இடத்தில் வைத்தாலும், இன்னொரு லேப்டாப்பின் மேல் இதை அடுக்கினாலும் இதே கதைதான். ஒரு ஃபிரிட்ஜ் காந்தத்தைக் கீபோர்டின் ஓரமாக மெதுவாக நகர்த்திப் பாருங்கள். வெளிச்சம் அணையும் இடம்தான் சென்சார். ஹார்டு டிஸ்க் இருக்கும் பக்கம் பெரிய ஸ்பீக்கர் காந்தத்தைக் கொண்டுபோக வேண்டாம். விண்டோஸில் "மூடினால் ஒன்றும் செய்யாதே" என்று வைப்பது இதற்குத் தீர்வல்ல. பல மாடல்களில் பேக்லைட்டை அணைப்பது விண்டோஸ் இல்லை, போர்டில் இருக்கும் கன்ட்ரோலர்.

ஆன் செய்ததும் ஒன்றிரண்டு வினாடி பளிச்சென்று வந்து, உடனே வெளிச்சம் மட்டும் போய்விடுகிறதா? எல்இடி பட்டையில் ஒரு வரிசை அறுந்திருக்க வாய்ப்பு அதிகம். அதை ஓட்டும் சிப் தவறைக் கண்டுபிடித்துத் தற்காப்பாக அணைத்துவிடுகிறது. இதற்கு பேனல் மாற்றுவதுதான் நடைமுறை.

2010க்கு முந்தைய லேப்டாப்புகள் பலவற்றில் எல்இடி இருக்காது. மெல்லிய குழல் விளக்கும், அதை எரியவைக்கும் இன்வெர்ட்டர் போர்டும் இருக்கும். தொடங்கும்போது திரை இளஞ்சிவப்பாக வந்து மெல்ல வெளுத்தால் குழல் தேய்ந்துவிட்டது என்று பொருள். இன்வெர்ட்டர் வெளியே விடுவது பல நூறு வோல்ட். ஆன் செய்தபடி அங்கே விரலை வைக்க வேண்டாம்.

டார்ச் அடித்தும் ஒன்றும் தெரியவில்லை, ஆனால் திரை வெள்ளையாக எரிகிறது என்றால் கணக்கு வேறு. மலிவு லேப்டாப்புகளில் வரும் டிஎன் வகைப் பேனல் சிக்னல் இல்லாதபோது ஒளியைத் தடுக்காது; அதனால் வெள்ளையாகத் தெரியும். ஐபிஎஸ் பேனல் சிக்னல் இல்லாதபோது ஒளியைத் தடுத்து நிற்கும்; அதனால் கறுப்பு. ஆகவே டிஎன் பேனலில் வெள்ளைத் திரை என்றால் பேக்லைட்டும் அதன் மின்சாரமும் நலம், டேட்டா கம்பியிலோ பேனல் போர்டிலோ தடை. அதே கோளாறு ஐபிஎஸ்ஸில் வெறும் கறுப்பாகத்தான் தெரியும், அங்கே கண்ணால் பார்த்து ஏமாறக் கூடாது.

வெளி மானிட்டர் சொல்வதும் சொல்லாததும்

எல்லோரும் சொல்லும் சோதனை: எச்டிஎம்ஐ கேபிள் போட்டு டிவியில் பார். டிவியில் சுத்தமாக வந்தால் பேனலோ கேபிளோ. டிவியிலும் கோடு வந்தால் ஜிபியு. பாதி உண்மை.

2010க்குப் பிறகு வந்த, என்விடியா சிப்பும் இன்டெல் கிராபிக்ஸும் சேர்ந்த லேப்டாப்புகளில் பெரும்பாலும் திரை இன்டெல்லோடுதான் இணைந்திருக்கும். என்விடியா சிப் கேம் ஓடும்போது மட்டும் வரைந்து, படத்தை இன்டெல் வழியாக அனுப்பும். எச்டிஎம்ஐ மட்டும் மாடலுக்கு மாடல் மாறும். சாதாரண லேப்டாப்புகளில் அதுவும் இன்டெல்லில் இருக்கும். கேமிங் மாடல்கள் பலவற்றில் நேராக என்விடியாவில் இருக்கும். அப்படிப்பட்ட மாடலில் டிவி காட்டுவது ஒரு சிப்பின் படம், லேப்டாப் திரை காட்டுவது இன்னொன்றின் படம். டிவியில் மட்டும் புள்ளி பறக்கிறது, லேப்டாப் திரை சுத்தம் என்றால் தனி சிப்தான் சாகிறது. இரண்டும் எங்கே இணைந்திருக்கின்றன என்பது என்விடியா கன்ட்ரோல் பேனலில் பிசிக்ஸ் (PhysX) அமைப்புப் பக்கத்தில் படமாகவே தெரியும்.

டிவியில் எதுவுமே வராவிட்டால் உடனே ஜிபியு போச்சு என்று முடிவு கட்ட வேண்டாம். விண்டோஸ் கீயும் பி (P) எழுத்தும் சேர்த்து அழுத்தி, கீழ் அம்பை ஓரிரு தடவை தட்டி, என்டர் கொடுங்கள். பார்க்காமலேயே டூப்ளிகேட்டுக்கு மாற்றலாம். விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் சேர்த்து அழுத்தினால் கிராபிக்ஸ் டிரைவர் புதிதாகத் தொடங்கும். ஒரு பீப் சத்தம் கேட்கும், திரை ஒருமுறை சிமிட்டும். கோளாறு அத்தோடு மறைந்தால் வன்பொருளைத் தேடிப் போக வேண்டாம், டிரைவரைப் பாருங்கள்.

டிவியும் மானிட்டரும் கைவசம் இல்லாதவர்களுக்கு ஸ்கிரீன்ஷாட் போதும். திரையில் கோடோ புள்ளியோ இருக்கும்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அந்தப் படத்தை போனுக்கு அனுப்பித் திறந்து பாருங்கள். போனிலும் அதே புள்ளிகள் தெரிந்தால், படம் நினைவகத்தில் இருக்கும்போதே கெட்டுவிட்டது: ஜிபியு, அதன் நினைவகம், ராம், டிரைவர் இவற்றில் ஒன்று. போனில் சுத்தமாக இருந்தால் கோளாறு அதற்குப் பிறகு. செலவே இல்லாத இந்தச் சோதனை, கடையில் பேசும்போதும் கைகொடுக்கும்.

அடுத்தது பயாஸ், அதாவது விண்டோஸுக்கு முன்பே போர்டிலிருந்து ஓடும் அடிப்படை நிரல். ஆன் செய்ததும் எஃப்2 அல்லது டெலீட், எச்பியில் எஸ்கேப் பிறகு எஃப்10 என்று போட்டு பயாஸுக்குள் போய், 15 நிமிஷம் அப்படியே விடுங்கள். அங்கேயே மினுக்கினால் விண்டோஸுக்குச் சம்பந்தமில்லை. அங்கே சுத்தமாக இருந்தால் மட்டும் முழு நிம்மதி வேண்டாம்: பயாஸில் தனி கிராபிக்ஸ் சிப்புக்கு வேலையே இல்லை, சூடேறாது. சூட்டில் மட்டும் தலைகாட்டும் கோளாறு அங்கே ஒளிந்துகொள்ளும். 8 ஜிபி பென்டிரைவில் உபுண்டு போட்டு, நிறுவாமல் அப்படியே ஓட்டிப் பார்ப்பது நல்ல இடைச்சோதனை. விண்டோஸில் மினுக்கி உபுண்டுவில் மினுக்காவிட்டால் டிரைவர்மேல்தான் சந்தேகம்.

டிரைவர் விஷயத்தில் பழைய லேப்டாப்புக்கு ஒரு தனிச் சங்கடம் உண்டு. இன்டெல்லின் இரண்டாம் தலைமுறையில் வந்த எச்டி 3000 கிராபிக்ஸுக்கு விண்டோஸ் 10க்கான டிரைவரை இன்டெல் வெளியிடவே இல்லை. என்விடியாவின் ஃபெர்மி வகைச் சிப்புகளுக்கு 2018இல் வந்த 391.35தான் கடைசி வரிசை. அப்டேட் எதையாவது இறக்கி ஏற்றிய மறுநாள் மினுக்கல் தொடங்கியிருந்தால், டிவைஸ் மேனேஜரில் பழைய டிரைவருக்குத் திரும்புங்கள். இவென்ட் வியூவரில் சிஸ்டம் பகுதியில் 4101 என்ற எண் அடிக்கடி இருந்தால், ஜிபியு விண்டோஸ் வைத்திருக்கும் 2 வினாடிக் கெடுவுக்குள் பதில் சொல்லாமல் போய் மீண்டும் எழுப்பப்பட்டது என்று பொருள். ரிஜிஸ்ட்ரியில் அந்தக் கெடுவை 8, 10 என்று கூட்டும் வைத்தியம் ஊரெல்லாம் சொல்லப்படுகிறது. நோயைப் போர்வையால் மூடுவதுதான் அது.

கோளாறே இல்லாத கோளாறுகளும் உண்டு. பேட்டரியில் ஓடும்போது மட்டும், வெள்ளைப் பக்கம் திறந்தால் திரை மெல்ல மங்கிப் பிரகாசிக்கிறது என்றால் அது இன்டெல்லின் மின்சேமிப்பு வசதி. கிராபிக்ஸ் அமைப்பில் பவர் பகுதியில் அணைத்துவிடலாம். வெளிச்சத்தைக் குறைத்தால் மட்டும் கண் எரிகிறது, போன் கேமராவில் பட்டை ஓடுகிறது என்றால், பேக்லைட்டை வேகமாக அணைத்தணைத்து ஏற்றித்தான் அந்தப் பேனல் வெளிச்சத்தைக் குறைக்கிறது. பேனலின் இயல்பே அது. அடாப்டர் போட்டால் மட்டும் மினுக்கி, பிடுங்கினால் நின்றால் அடாப்டரையும் சார்ஜிங் சாக்கெட்டையும் பாருங்கள்.

கோடுகளைப் படிப்பது

மேலிருந்து கீழாக ஒரே இடத்தில் அசையாமல் நிற்கும் ஒற்றைக் கோடு, எந்த நிறமானாலும், அநேகமாகப் பேனலின் கண்ணாடி விளிம்பில் ஒட்டிய பட்டை விட்டுப்போனது. திரையைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் சட்டமான பெசலின் அடிப்பகுதியில் அந்தக் கோட்டுக்கு நேர்கீழே மெதுவாக அழுத்தினால் கோடு மறைந்து வரும். அழுத்தி அழுத்தி ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். நாளாக ஆகக் கோடு பெருகும். இடமிருந்து வலமாகக் கோடு என்றால் பக்கவாட்டில் உள்ள வரிசை இயக்கி. இரண்டுக்கும் வீட்டில் வைத்தியம் இல்லை, பேனல்தான்.

சம இடைவெளியில் திரை முழுக்க வரிவரியாகக் கோடுகள், அல்லது கட்டம் கட்டமாக வண்ணப் புள்ளிகள், அதுவும் கம்பெனி லோகோ வரும்போதே தெரிந்தால், நினைவகம் அல்லது ஜிபியு. ஸ்கிரீன்ஷாட்டிலும் விழும்.

மூடியின் கோணத்தை மாற்றினால் மாறும் எதுவும் கேபிள். இது ஏறக்குறைய மாறாத விதி. அந்த மாற்றம் எப்படி வருகிறது என்பதிலேயே கேபிளின் வகையும் தெரியும். பழைய எல்விடிஎஸ் கேபிளில், 6 பிட் பேனலுக்கு, மூன்று ஜோடிக் கம்பிகள் நிறங்களையும் ஒரு ஜோடி கடிகாரத் துடிப்பையும் சுமக்கின்றன. ஒரு ஜோடி நைந்தால் படம் இருக்கும், நிறம் மட்டும் கெடும்: முகமெல்லாம் பச்சை, நிழலெல்லாம் புள்ளி. 2013 வாக்கில் பரவிய இடிபி கேபிளில் அப்படி இல்லை. இரு முனையும் பேசிக்கொண்டு இணைப்பை உறுதி செய்த பிறகே படம் போகும். கம்பி நைந்தால் அந்தப் பேச்சு முறிந்து, திரை சட்டென்று கறுத்து மீண்டும் வரும். எல்விடிஎஸ் நிறத்தைக் கெடுக்கும், இடிபி படத்தையே துண்டிக்கும் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

நடுவில் வெண்திட்டுகள் தெரிந்தால் திரையில் எங்கோ அழுத்தம் விழுந்திருக்கிறது. துடைப்பதற்கு முன் பேட்டரியைப் பாருங்கள். டச்பேட் மேலெழும்பி, மூடி சரியாக மூடாமல் இருந்தால் பேட்டரி வீங்கி அடியிலிருந்து தள்ளுகிறது. அன்றைக்கே நிறுத்த வேண்டிய விஷயம் அது.

திறந்து பார்ப்பது

முதல் விதி, கடைசி விதி இரண்டும் ஒன்றே: பேட்டரியை நீக்காமல் திரைக் கேபிளைத் தொடாதீர்கள். லேப்டாப் அணைந்திருந்தாலும், போர்டின் அமைப்பைப் பொறுத்து, பேக்லைட் வரியில் மின்சாரம் நிற்கலாம். கனெக்டர் கொஞ்சம் கோணலாக நுழைந்தாலும் பக்கத்துப் பின்னைத் தொட்டு ஃபியூஸைச் சுட்டுவிடும். "பேனல் மாத்தினேன், இப்போ வெளிச்சமே இல்லை" என்பவர்களில் கணிசமானவர்கள் செய்தது இதுதான்.

பெசலின் கீழ் மூலைகளில் ரப்பர் மூடிக்கு அடியில் இரண்டு ஸ்க்ரூ இருக்கும். ரப்பரை ஊசியால் நெம்பி எடுங்கள். ஸ்க்ரூவை எடுத்த பிறகு, மேல் நடுவிலிருந்து விரல் நகத்தாலோ பழைய ஏடிஎம் அட்டையாலோ உள்பக்கமாக நெம்பிக்கொண்டே வந்தால் கிளிப்புகள் டக் டக்கென்று விடும். ஹிஞ்ச் அருகே மட்டும் அவசரம் கூடாது, அங்கேதான் பிளாஸ்டிக் உடையும். ஒல்லி மாடல்களில் கிளிப் இல்லாமல் டேப் ஒட்டியிருப்பார்கள். ஹேர் டிரையரால் மிதமாகச் சூடேற்றினால் இளகும்.

பேனலைப் பிடித்திருக்கும் நான்கு சிறு ஸ்க்ரூக்களை எடுத்ததும், கீபோர்டின் மேல் ஒரு துணியை விரித்துப் பேனலைக் குப்புறச் சாயுங்கள். பின்னால் அடிப்பக்கத்தில் கனெக்டரும், அதன்மேல் ஒளிபுகும் டேப்பும் இருக்கும். டேப்பை மூலையிலிருந்து உரித்துவிட்டு, மெல்லிய கம்பித் தாழ் இருந்தால் முதலில் அதை நிமிர்த்தி, கனெக்டரைப் பேனலுக்கு இணையாகப் பின்னோக்கி உருவ வேண்டும். மேலே தூக்கினால் பின்கள் பெயர்ந்து வரும். டார்ச்சும் பெரிதாக்கும் கண்ணாடியும் வைத்துப் பின்களைப் பாருங்கள். பச்சைக் களிம்பு, பழுப்பாகக் கருகிய ஒரு பின், காய்ந்த டீக் கறை இவற்றில் ஒன்று அடிக்கடி தென்படும். 99 சதவீத ஐசோப்ரோபைல் ஆல்கஹாலைப் பழைய மென்மையான டூத்பிரஷ்ஷில் தொட்டுத் துடைத்து, பத்து நிமிஷம் உலரவிட்டு மாட்டுங்கள். மதர்போர்டு முனையிலும் இதையே செய்யுங்கள். கழற்றி மாட்டுவதிலேயே சரியாகும் லேப்டாப்புகள் ஏராளம்.

கேபிளை ஹிஞ்ச் திரும்பும் இடத்தில் பாருங்கள். மேலே சுற்றிய கறுப்புத் துணி நைந்து, உள்ளே செம்புநிறக் கம்பி எட்டிப் பார்த்தால் வேறு சோதனை வேண்டாம். ஹிஞ்ச் ஸ்க்ரூ பிடிக்கும் பிளாஸ்டிக் மேடு உடைந்து ஹிஞ்ச் ஆடுகிறதா என்றும் பாருங்கள். அதைச் சரிசெய்யாமல் புதுக் கேபிள் போட்டால் அதையும் ஹிஞ்ச் கடித்துவிடும்.

மல்டிமீட்டர் உள்ளவர்களுக்கு ஃபியூஸ் சோதனை. போர்டில் திரைக் கனெக்டருக்குப் பக்கத்தில், எஃப் என்று தொடங்கும் குறியோடு அரிசி நுனி அளவில் ஒன்று இருக்கும். பேட்டரி நீக்கிய நிலையில் கன்டினியூட்டி வைத்து இரு முனையிலும் தொட்டால் பீப் வர வேண்டும். வராவிட்டால் போய்விட்டது. புதியது போடுவதற்கு முன், பேனல் பக்க முனைக்கும் கிரவுண்டுக்கும் இடையே எத்தனை ஓம் என்று பாருங்கள். ஓரிரு ஓம் மட்டும் காட்டினால் பேனலிலோ கேபிளிலோ ஷார்ட் இருக்கிறது. புது ஃபியூஸும் அதே நொடியில் போகும். ஃபியூஸுக்குப் பதில் ஒரு கம்பியை வைத்துப் பற்றவைக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அடுத்த ஷார்ட்டில் கருகப்போவது கேபிள் அல்லது போர்டின் தடம்.

ஆன் செய்து வோல்ட் பார்ப்பதானால் கனெக்டர் பின்களில் முனையை வைக்காதீர்கள். அவற்றின் இடைவெளி அரை மில்லிமீட்டர். கை ஒரு இழை நகர்ந்தாலும் ஷார்ட். அதே வரியில் இருக்கும் ஃபியூஸ் அல்லது கெபாசிட்டரில் வையுங்கள். பேனலுக்கு 3.3 வோல்ட், பேக்லைட்டுக்கு பேட்டரியில் 11 வோல்ட் சுமாரும் அடாப்டரில் 19 வரையிலும் இருக்க வேண்டும். இரண்டும் இருந்து வெளிச்சம் மட்டும் இல்லை என்றால் பேக்லைட்டை எழுப்பும் சிக்னல் வரவில்லை, அல்லது எல்இடி போய்விட்டது.

ஜிபியு செத்தால்

இங்கேதான் அதிகம் ஏமாறுகிறார்கள். "சிப்பை ஹீட் பண்ணினா வந்துடும்" என்பது பொய்யில்லை, வரத்தான் செய்கிறது. எத்தனை நாளைக்கு என்பதுதான் கேள்வி.

2008 ஜூலையில் என்விடியா, தன் முந்தைய தலைமுறை லேப்டாப் சிப்புகள் சிலவற்றில் வழக்கத்துக்கு மீறிய பழுது இருப்பதாக அறிவித்து, 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்கியது. காரணமாகச் சொன்னது சிப்பையும் அதன் அடித்தட்டையும் இணைக்கும் பொருள்களின் பலவீனத்தை. 8400எம், 8600எம் போட்ட லேப்டாப்புகள் அந்தக் காலத்தில் வரிசையாகக் கண்ணை மூடியது அதனால்தான். ஆப்பிளும் 2011 முதல் 2013 வரை விற்ற சில மேக்புக் ப்ரோக்களின் கிராபிக்ஸ் கோளாறுக்காக 2015 பிப்ரவரியில் இலவசப் பழுதுநீக்கம் அறிவித்தது.

கவனிக்க வேண்டியது உடைப்பு நடக்கும் இடத்தை. ஜிபியுவைப் போர்டில் பிடித்திருப்பவை கண்ணுக்குத் தெரியும் ஈயமில்லாத சால்டர் குண்டுகள். அவை உருக ஏறக்குறைய 217 டிகிரி வேண்டும். ஆனால் அந்தப் பழுதில் விரிசல் விழுந்தது அவற்றில் இல்லை. சிலிக்கான் வில்லைக்கும் அதன் அடித்தட்டுக்கும் நடுவில் இருக்கும் நுண்ணிய இணைப்புகளில். சூடேற்றினால் எல்லாம் விரிந்து, விரிசல் தற்காலிகமாக ஒட்டிக்கொள்ளும். தினமும் சூடாகி ஆறி, சில வாரத்திலோ மாதத்திலோ மீண்டும் விடும். அதே சிப்பைக் கழற்றி, அடியில் புதுக் குண்டு வைத்து ஒட்டும் ரீபாலிங்கும் இதைத் தொடுவதில்லை. எனவே கடையில் கேட்க வேண்டிய ஒரே கேள்வி: "அதே சிப்பா, புது சிப்பா?" அதே சிப் என்றால் டேட்டாவை எடுக்கும் வரை ஓடட்டும் என்று மட்டும் நினைத்துக் கொடுங்கள்.

இன்டெல்லும் கூட இருக்கும் லேப்டாப்பில் தப்பிக்க வழி உண்டு. டிவைஸ் மேனேஜரில் என்விடியா அல்லது ஏஎம்டி சிப்பின் மேல் மஞ்சள் முக்கோணமும் கோட் 43உம் இருந்தால், அதை வலது கிளிக்கில் டிஸேபிள் செய்துவிடுங்கள். கேம் போகும், எக்செலும் யூடியூபும் பல வருஷம் ஓடும். விண்டோஸ் உள்ளேயே போகவிடாமல் நீலத்திரை வந்தால், சேஃப் மோடில் போய் இதைச் செய்யலாம்.

முடிவு கட்டுவதற்கு முன் சூட்டையும் பார்த்துவிடுங்கள். எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச நிரலில் ஜிபியுவின் வெப்பம் தெரியும். சும்மா இருக்கும்போதே 75, வீடியோ ஓடினால் 95 என்று போனால் ஃபேனுக்கும் செம்புத் தகடுகளுக்கும் இடையில் கம்பளி மாதிரி தூசிப் படலம் அடைத்திருக்கும். வெளியிலிருந்து ஊதினால் அது போகாது, ஃபேனைக் கழற்றி உரித்து எடுக்க வேண்டும். கூடவே தெர்மல் பேஸ்டையும் மாற்றுங்கள், மிளகளவு போதும். நினைவகச் சிப்புகளின் மேல் இருக்கும் மெத்து அட்டை வேறு. அதற்குப் பதில் பேஸ்ட் பூசினால் இடைவெளி நிரம்பாது. அளந்து பார்த்து அதே தடிமனில் புது அட்டை வாங்குங்கள்.

சரி, பேனல்தான் என்றால்

லேப்டாப் மாடல் பெயரைச் சொல்லிப் பேனல் வாங்காதீர்கள். ஒரே மாடலில் நான்கு கம்பெனிப் பேனல் வந்திருக்கும். பேனலைக் கழற்றி அதன் முதுகில் உள்ள ஸ்டிக்கரில் B156, N156, LP156, LTN156, NT156 என்று தொடங்கும் எண்ணை முழுமையாகப் படமெடுங்கள். கடைசி இரண்டு மூன்று எழுத்துகள்தான் முக்கியம், அவற்றில்தான் கனெக்டர் வகை ஒளிந்திருக்கிறது.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி இடங்களில் ஸ்டிக்கர் எண்ணைக் காட்டினால் பொருந்துவதை எடுத்துத் தருவார்கள். நீங்களும் சரிபார்க்க வேண்டியவை: 40 பின் எல்விடிஎஸ்ஸா, 30 பின் இடிபியா, தடிமனா, ஒல்லியா, ஸ்க்ரூ காதுகள் மேலும் கீழுமா, பக்கவாட்டிலா, இல்லவே இல்லையா, பின்னாலிருந்து பார்த்தால் கனெக்டர் இடப்பக்கமா, வலப்பக்கமா. எல்விடிஎஸ் லேப்டாப்பில் இடிபி பேனல் ஓடாது. 40 பின் என்றாலே எல்விடிஎஸ் என்றும் நினைக்க வேண்டாம். தொடுதிரை மாடல்களிலும் 144 ஹெர்ட்ஸ் மாடல்களிலும் 40 பின் இடிபி வருகிறது. 15.6 அங்குலத்திலேயே 360 மில்லிமீட்டர் அகலமும் உண்டு, காது இல்லாத 350 மில்லிமீட்டரும் உண்டு.

1366க்கு 768 இருந்த இடத்தில் ஃபுல் எச்டி போட ஆசைப்படுபவர்கள் கேபிளையும் பார்க்க வேண்டும். இடிபியில் குறைந்த ரெசொலூஷனுக்கு ஒரு ஜோடி போதும். ஃபுல் எச்டிக்கு வழக்கமாக இரண்டு. பழைய கேபிளில் இரண்டாவது ஜோடியே இல்லாமல் இருக்கலாம்.

கடையிலேயே மாட்டிப் பாருங்கள். வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என ஐந்து முழுநிறப் படங்களை போனில் வைத்துக்கொண்டு போய், பென்டிரைவில் ஏற்றித் திறந்து, செத்த புள்ளி இருக்கிறதா என்று ஒவ்வொரு மூலையாகப் பாருங்கள். பாதுகாப்புப் படலத்தை அதுவரை உரிக்க வேண்டாம், உரித்த பேனலைத் திரும்ப வாங்க மாட்டார்கள். கனெக்டரின் மேல் பழைய டேப்பையே ஒட்டாமல் புது டேப் ஒட்டுங்கள். பிறகு ஸ்க்ரூ முடுக்கி, பெசலை மூடாமலேயே வெள்ளைப் படத்தைத் திறந்து வைத்து, மூடியை இருபது தடவை மெதுவாக ஏற்றி இறக்குங்கள். எந்தக் கோணத்திலும் சிமிட்டாமல் இருந்தால் பெசலை அழுத்தி மூடிவிடலாம்.